பேன் ஏறாத மீன் உண்டா? ஒட்டுண்ணியை எதிர்க்கும் மீன் இனவிருத்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்ணை மீனுக்கு ஒட்டுண்ணி வந்தால் மருந்து ஊற்றுவதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. இன்னொரு வழியும் இருக்கிறது. ஒட்டுண்ணி அதிகம் ஏறாத மீனைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து அடுத்த தலைமுறையை எடுப்பது. இந்த வேலை மிக விரிவாக நடப்பது நார்வேயின் சால்மன் பண்ணைகளில் என்பதால், கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி சால்மனையும் கடல் பேனையும் பற்றியவை. நம் ரோகு, கட்லா பற்றிக் கடைசியில் வருகிறது.

கடல் பேன் என்றால் என்ன? தலைப்பேன் மாதிரியா?

பெயர்தான் ஒன்று, உறவு இல்லை. தலைப்பேன் பூச்சி வகை. கடல் பேன் இறால், நண்டு கூட்டத்தைச் சேர்ந்த சின்ன ஓட்டுயிரி. வட அட்லாண்டிக்கில் சால்மனைப் பிடிப்பதன் அறிவியல் பெயர் லெப்பியோப்தீரஸ் சால்மோனிஸ். சிலி நாட்டுப் பண்ணைகளில் தொல்லை கொடுப்பது அதன் ஒன்றுவிட்ட உறவான காலிகஸ் இனம்.

வளர்ந்த பெண் பேன் சுமார் ஒரு சென்டிமீட்டர் இருக்கும். வால் பக்கம் இரண்டு நூல் தொங்குவது போலத் தெரியும். அவை முட்டைச் சரங்கள். ஒரு ஜோடிச் சரத்தில் சில நூறு முட்டைகள். பொரிந்து வரும் குஞ்சு முதல் இரண்டு பருவங்களில் எதையும் தின்னாது, கையிருப்புக் கருவுணவில் கடலில் மிதக்கும். மூன்றாவது பருவத்தில் எப்படியாவது ஒரு மீனைத் தொற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சாக வேண்டியதுதான். தொற்றிய பிறகு மீனின் சளி, தோல், இரத்தம் எல்லாம் அதற்குச் சாப்பாடு. பேன் கூடினால் மீனின் தலைப்பக்கத் தோல் உரிந்து புண்ணாகும். கடல்நீரில் வாழும் மீனுக்குத் தோல்தான் உப்பைத் தடுக்கும் சுவர். அது ஓட்டையானால் உடம்பின் உப்புக் கணக்கு குலைந்துவிடும்.

ஒரு மீனில் ஒன்றிரண்டு பேன் இருந்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும்?

அந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நார்வேயில் ஒரு கூண்டில் 2 லட்சம் மீன் வரை விடலாம். மீன் ஒன்றுக்குச் சராசரி 0.5 வளர்ந்த பெண் பேனுக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். வசந்த காலத்தில், ஆறுகளிலிருந்து காட்டு சால்மன் குஞ்சுகள் கடலுக்கு இறங்கும் வாரங்களில், இது 0.2 ஆகக் குறைகிறது. சட்டத்தை மீறாத 0.5 என்றாலும் ஒரே கூண்டில் ஒரு லட்சம் பெண் பேன்கள், ஒவ்வொன்றுக்கும் சில நூறு முட்டைகள். பக்கத்தில் நீந்திப் போகும் காட்டுக் குஞ்சின் எடை இருபது கிராம் சொச்சம்தான். அதன்மேல் பத்துப் பன்னிரண்டு பேன் ஏறினாலே அது பிழைப்பது கஷ்டம்.

2017 முதல் நார்வே தன் கடற்கரையை 13 பகுதிகளாகப் பிரித்து, போக்குவரத்து விளக்கு போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுத்திருக்கிறது. பேனால் காட்டு மீன் நிறையச் சாகும் பகுதிக்குச் சிவப்பு. அங்கே பண்ணைகள் உற்பத்தியைக் குறைக்க வேண்டி வரும். அதனால் பேன் என்பது அங்கே மீன் நோய் மட்டுமல்ல, உரிமப் பிரச்சினையும்கூட.

மருந்து இருக்கும்போது இனவிருத்தி எதற்கு?

இருந்தது என்பதுதான் சரி. எமாமெக்டின் என்ற மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள், நன்றாகவே கேட்டது. சில ஆண்டுகளில் மருந்துக்குச் சாகாத பேன்கள் பெருகின. பிறகு குளியல் மருந்துகள், ஹைட்ரஜன் பெராக்சைடு என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் அதே கதி.

இப்போது மருந்தைவிட எந்திரம்தான் அதிகம். 28 முதல் 34 டிகிரி வெந்நீரில் மீனைச் சில விநாடிகள் ஓட்டிப் பேனை உதிர்க்கிறார்கள். சில்லென்ற கடலில் வாழும் மீனுக்கு அந்தச் சூடு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மீன் துள்ளி அடித்துக்கொள்கிறது, செதில் போகிறது, செவுள் ஏற்கெனவே பழுதான மீன் செத்தும் போகிறது. பேனைக் கொத்தித் தின்னும் ராஸ், லம்ப் மீன் போன்றவற்றைக் கூண்டில் விடுவதும் உண்டு. அந்தத் துப்புரவுப் பணியாளர்களே கூண்டுக்குள் ஏராளமாகச் செத்துப்போவது தனிச் சோகம்.

இனவிருத்தியில் கிடைப்பது இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு தலைமுறையிலும் லாபம் சிறிதுதான். ஆனால் அது மீனோடு பிறந்து வருகிறது. அடுத்த வாரம் திரும்ப ஊற்ற வேண்டியதில்லை.

இது மரபணு மாற்றமா?

இல்லை. நல்ல விதை நெல்லை எடுத்து வைப்பது, பொலிகாளை பார்த்து மாடு சேர்ப்பது, அதே வேலைதான். நார்வேயில் இதைத் தொடங்கியவர்களே கால்நடை இனவிருத்திக்காரர்கள். ஹரால்ட் ஷெர்வோல்ட், டிரிக்வே யெட்ரெம் ஆகியோர் 1970களின் தொடக்கத்தில் சுமார் 40 ஆறுகளிலிருந்து சால்மன் முட்டைகளைச் சேர்த்து, மாட்டுக்கும் ஆட்டுக்கும் போட்ட கணக்கை மீனுக்குப் போட்டுப் பார்த்தார்கள். முதலில் பார்த்தது வளர்ச்சியை மட்டும்தான். நோய் எதிர்ப்பும் பேனும் பின்னால் சேர்ந்தவை.

ஒட்டுண்ணியை எதிர்க்கும் குணம் பிறப்பிலேயே வருகிறது என்பதற்கு என்ன ஆதாரம்?

இரண்டு கதைகள் சொல்கிறேன். இரண்டிலும் ஆராய்ச்சியாளர்கள் வருவதற்கு முன்பே இயற்கை வேலையை முடித்துவிட்டது.

முதலாவது வானவில் டிரவுட். இதன் பூர்வீகம் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி. 1880களில் இதை ஜெர்மனிக்குக் கொண்டுபோய் வளர்த்தார்கள். அங்கே ஐரோப்பிய டிரவுட்டோடு காலங்காலமாக இருந்துவந்த ஓர் ஒட்டுண்ணி காத்துக்கொண்டிருந்தது: மிக்சோபோலஸ் செரிப்ராலிஸ். சேற்றுப் புழுவிலிருந்து வெளியே வந்து, மீன் குஞ்சின் குருத்தெலும்பைத் தின்னும். பாதித்த குஞ்சின் வால் கறுக்கும். தன் வாலைத் தானே துரத்துவது போல வட்டமாகச் சுற்றும். சுழல் நோய் என்றே பெயர். ஐரோப்பிய டிரவுட்டுக்கு அது பெரிய விஷயமில்லை, புதிதாக வந்த அமெரிக்க மீனுக்கு எமன்.

இந்த ஒட்டுண்ணி 1950களில் அமெரிக்காவுக்கே போய்ச் சேர்ந்தது. 1990களில் கொலராடோ, மான்டானா ஆறுகளில் வானவில் டிரவுட் அடியோடு சரிந்தது. தேடிப்போனபோது பவேரியாவில் ஹோஃபர் என்ற பண்ணை வகை கிடைத்தது. நூறாண்டுக்கு மேல் அந்த ஒட்டுண்ணியோடு மாரடித்து, பிழைத்தது மட்டும் முட்டையிட்டு வந்த கூட்டம் அது. சோதித்தபோது அமெரிக்க மீன்களைவிட மிகக் குறைவான ஒட்டுண்ணி வித்துகளே அதன் உடலில் இருந்தன. தாய்நாட்டிலிருந்து போன மீனின் பேரப்பிள்ளைகள் மருந்தோடு திரும்பி வந்தது போல. கொலராடோ மாநிலத்தார் அதை உள்ளூர் வகையோடு கலந்து ஆறுகளில் விடுகிறார்கள். ஏன் நேராக விடவில்லை? தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் தீவனம் தின்று வளர்ந்த மீனுக்கு ஆற்றில் எதிரியைக் கண்டு ஓடத் தெரியவில்லை.

இரண்டாவது கதை கைரோடாக்டிலஸ் சாலாரிஸ். அரை மில்லிமீட்டர் தட்டைப்புழு. அதன் வயிற்றில் குட்டி, அந்தக் குட்டியின் வயிற்றிலும் குட்டி, அவ்வளவு வேகமாகப் பெருகும். 1970களில் பால்டிக் பக்கத்து மீன்களோடு நார்வேக்குள் வந்து ஐம்பது ஆறுகள் வரை பரவியது. பால்டிக்கில் கலக்கும் நெவா ஆற்றுச் சால்மன்மீது இந்தப் புழுவை விட்டால், கொஞ்சம் பெருகிப் பிறகு தானாகக் குறைந்துவிடுகிறது. நார்வே ஆற்றுச் சால்மன்மீது விட்டால், மீன் சாகும்வரை பெருகுகிறது. மீனும் சால்மன், புழுவும் அதே புழு. வித்தியாசம் பரம்பரையில்தான்.

பேனை எதிர்க்கும் சால்மனை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

எண்ணித்தான். இதில் எந்த மாயமும் இல்லை.

நூற்றுக்கணக்கான ஜோடிகளிலிருந்து குஞ்சுகள் எடுப்பார்கள். ஒரு தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்தவை ஒரு குடும்பம். ஒவ்வொரு குடும்பத்திலும் சில பிள்ளைகளைச் சோதனைக்கு எடுத்து, வயிற்றுக்குள் அரிசி அளவு சில்லு ஒன்றைச் செலுத்தி அடையாளம் வைப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே கடல்நீர்த் தொட்டியில் விட்டு, தண்ணீர் ஓட்டத்தை நிறுத்தி, ஆய்வகத்தில் பொரித்த பேன் குஞ்சுகளை எண்ணி ஊற்றுவார்கள். மீன் ஒன்றுக்கு இத்தனை என்று அளவு உண்டு.

ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் உண்மையான வேலை. மீனை மயக்கி, தண்ணீர் நிரம்பிய வெள்ளைத் தட்டில் போட்டு, ஒரு பக்கம், மறுபக்கம், ஒவ்வொரு துடுப்பின் இடுக்கு என்று ஆள் குனிந்து எண்ணுகிறார். அந்த வயதில் பேன் ஓரிரு மில்லிமீட்டர்தான், துடுப்புக் கதிரோடு கதிராக ஒட்டியிருக்கும். முதுகுத் துடுப்பை விரலால் விரித்துப் பிடித்தால்தான் தெரியும். எண்ணுபவர் உரக்கச் சொல்ல, இன்னொருவர் குறித்துக்கொள்வார். ஆயிரக்கணக்கான மீன்கள், பல நாட்கள். மத்தியானத்துக்கு மேல் எண்ணியதில் பிழை கூடிவிடும் என்பதால், யார் எண்ணினார், எந்த நாளில் எண்ணினார் என்பதையும் எழுதி வைத்துக் கணக்கில் கழிப்பார்கள். மரபணு ஆய்வு, கணினி என்று எவ்வளவு பெரிதாகப் பேசினாலும், எல்லாம் இந்தத் தட்டில் எண்ணிய எண்ணிக்கைமேல்தான் நிற்கிறது.

பேன் விட்டுச் சோதித்த மீனையே தாய் மீனாக வைப்பார்களா?

மாட்டார்கள். நோய் பட்ட மீனைச் சினை மீன் நிலையத்துக்குள் விடுவது ஆபத்து. சோதனைக்குப் போவது அண்ணன் தம்பி, அக்கா தங்கை. பாதுகாப்பாக வேறிடத்தில் வளரும் உடன்பிறப்புகளைத்தான் முட்டைக்கு வைப்பார்கள்.

முன்பு இதில் ஒரு குறை இருந்தது. குடும்பம் நல்லதா இல்லையா என்றுதான் தெரியும்; அந்தக் குடும்பத்தில் எந்தப் பிள்ளை நல்லது என்று தெரியாது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரியா இருக்கின்றன? இப்போது துடுப்பில் ஒரு நுனி வெட்டி, பல்லாயிரம் மரபணு அடையாளப் புள்ளிகளைப் படித்துவிடுகிறார்கள். பேன் குறைவாக ஏறிய உடன்பிறப்போடு எந்தெந்தத் துண்டுகள் ஒத்துப்போகின்றன என்று பார்த்து, பேனையே பார்த்திராத மீனுக்கும் மதிப்பெண் போட முடிகிறது.

பெரிய மீனில் பேன் அதிகம் இருப்பது இயல்புதானே?

ஆமாம், இடம் அதிகம். எண்ணிக்கையை அப்படியே எடுத்தால், குட்டையான மீனை நல்ல மீன் என்று தேர்ந்தெடுத்துவிடுவோம். அதனால் பேன் எண்ணிக்கையை மீனின் தோல் பரப்பால் வகுப்பார்கள். தோலை அளக்க வேண்டாம். எடையின் மூன்றில் இரண்டு அடுக்கு ஏறக்குறைய பரப்போடு ஒத்துப்போகும். அறிக்கையில் 'பேன் அடர்த்தி' என்று இருந்தால் இதுதான்.

எவ்வளவு தூரம் இது பரம்பரையாக வருகிறது?

மீனுக்கு மீன் பேன் எண்ணிக்கையில் தெரியும் வேறுபாட்டில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்று பங்குவரை பரம்பரையால் வருவது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மீதி தற்செயல், தண்ணீர் ஓட்டம், மீன் எந்த ஆழத்தில் நீந்தியது என்பது போன்றவை. குறைவாகத் தோன்றலாம். ஆனால் ஒரு சால்மன் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆயிரத்தில் தலைசிறந்த பத்தைப் பொறுக்க முடிகிற இடத்தில் சிறிய பங்கும் வேலை செய்யும். வருடத்துக்கு ஒரு கன்று போடும் மாட்டில் இந்த வசதி கிடையாது.

ஒரே ஒரு நல்ல மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டால் போதாதா?

வேறு ஒரு நோயில் அப்படி அதிர்ஷ்டம் அடித்தது. ஐ.பி.என். என்ற கணைய வைரஸ் நோய் சால்மன் குஞ்சுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றுகொண்டிருந்தது. எதிர்ப்பின் பெரும்பகுதி மரபுத்தொகுதியின் ஒரே இடத்தில் இருப்பதை 2008 வாக்கில் ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அந்த அடையாளம் உள்ள முட்டைகள் சந்தைக்கு வந்த சில ஆண்டுகளில் நோய் வெகுவாக அடங்கிவிட்டது.

பேனில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. நிறைய மரபணுக்கள், ஒவ்வொன்றும் துளித் துளியாக உதவுகின்றன. ஐ.பி.என். வெற்றியைக் காட்டி, பேனுக்கும் ஐந்தே ஆண்டில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அப்படியானால் எவ்வளவு காலம் ஆகும்?

சால்மனுக்கு ஒரு தலைமுறை சுமார் நான்கு ஆண்டு. ஒரு பேச்சுக்கு, தலைமுறைக்குப் பத்து சதவீதம் பேன் குறைகிறது என்று வையுங்கள். ஐந்து தலைமுறையில் நூறு பேன் இருந்த இடத்தில் 59 இருக்கும். அதற்கு இருபது ஆண்டு. அரசியல்வாதிக்கும் வங்கிக்காரருக்கும் இது பிடிக்காத கணக்கு.

ஆனால் கூண்டுக்குள் நடப்பது இதைவிடக் கொஞ்சம் சாதகமானது. ஏறும் பேன் குறைந்தால் முட்டையிடும் பேன் குறையும், அதனால் அடுத்த சுற்றில் ஏறக் காத்திருக்கும் குஞ்சும் குறையும். எண்ணிக்கை 0.5 கோட்டைத் தொட அதிக நாள் எடுக்கும். அந்த இடைவெளியில் மீன் அறுவடைக்கு வந்துவிட்டால் ஒரு வெந்நீர்க் குளியல் மிச்சம். ஆனால் எதிர்ப்பு இல்லாத மீன் நிறைந்த கூண்டு பக்கத்திலேயே இருந்தால் இந்த லாபம் கரைந்துபோகும். பகுதி முழுக்க ஒன்றாக மாறினால்தான் பலன்.

பேன் எதிர்ப்பைத் தேடினால் வளர்ச்சி குறைந்துவிடாதா?

இரண்டும் ஒன்றுக்கொன்று ஜென்மப் பகை இல்லை. ஆனால் தேர்வுப் பட்டியலில் வளர்ச்சி, சதை நிறம், கொழுப்பு, சீக்கிரம் பருவமடையாமை, இரண்டு மூன்று நோய்கள் என்று ஏற்கெனவே ஒரு கூட்டம் நிற்கிறது. புதிதாக ஒன்றைச் சேர்த்தால் மற்ற எல்லாவற்றின் வேகமும் கொஞ்சம் குறையும். எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது உயிரியல் கேள்வி அல்ல, பணக் கேள்வி.

பேன் மருந்துக்குப் பழகியது போல எதிர்ப்பு மீனுக்கும் பழகிக்கொள்ளாதா?

பழகலாம். சால்மனுக்கு நான்கு ஆண்டில் ஒரு தலைமுறை என்றால், பேனுக்குச் சுமார் இரண்டு மாதத்தில் ஒன்று. ஓட்டப் பந்தயத்தில் அதற்குத்தான் கால் நீளம். ஒரு சாதகம், மருந்து பெரும்பாலும் ஒரே பூட்டில் வேலை செய்கிறது, மீனின் எதிர்ப்போ பல பூட்டுகள் சேர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் திறக்கும் பேன் உருவாவது சுலபமில்லை. அதற்காக இனவிருத்தியை மட்டும் நம்பிக் கூண்டைப் பராமரிக்காமல் விடுவதும் புத்திசாலித்தனம் இல்லை.

'எதிர்ப்பு', 'தாங்குதல்' இரண்டும் ஒன்றா?

இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள். எதிர்க்கும் மீனில் பேன் குறைவு. தாங்கும் மீனில் பேன் நிறைய இருக்கும், ஆனாலும் மீன் கொழுகொழுவென்று இருக்கும். பண்ணைக்காரர் கண்ணுக்கு இரண்டுமே நல்ல மீன். கூண்டைக் கடந்து நீந்தும் இருபது கிராம் காட்டுக் குஞ்சுக்கு, தாங்கும் மீன்கள் நிறைந்த கூண்டு ஒரு பேன் தொழிற்சாலை. அதனால்தான் பிழைத்ததா, செத்ததா என்று பார்க்காமல் பேனை எண்ணுகிறார்கள்.

பேனே ஏறாத சால்மன் இனம் இருக்கிறதாமே?

ஏறும், ஆனால் நிலைக்காது. பசிபிக் கடலின் கோஹோ சால்மனில் பேன் ஒட்டிய இடத்துத் தோல் உடனே வீங்கித் தடித்து, செல்கள் பெருகிப் பேனைச் சூழ்ந்துகொள்ளும். ஓரிரண்டு வாரத்தில் பெரும்பாலான பேன்கள் உதிர்ந்துவிடும். அட்லாண்டிக் சால்மன் தோலோ பேன் வந்ததே தெரியாதது போலச் சும்மா இருக்கும். கோஹோவின் தோலில் எந்த மரபணுக்கள் இதைச் செய்கின்றன, அவற்றை அட்லாண்டிக் சால்மனில் மரபணுத் திருத்தத்தால் தூண்டிவிட முடியுமா என்று நார்வேயின் நோஃபிமா நிறுவனம் முன்னின்று பல நாட்டு ஆய்வகங்களோடு ஆராய்ந்து வருகிறது. இது மேலே சொன்ன பொறுக்கி எடுக்கும் வேலையிலிருந்து வேறானது. சட்டமும் வேறு, மக்கள் ஏற்பார்களா என்ற கேள்வியும் வேறு.

பேன் தவிர வேறு ஒட்டுண்ணிக்கு இது பலித்திருக்கிறதா?

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில். அங்கே தொல்லை செவுளில் ஒட்டும் அமீபா. வெள்ளை வெள்ளையாகச் சளித் திட்டு படர்ந்து மீன் மூச்சுத் திணறும். மருந்து வெறும் நன்னீர்தான்: தார்ப்பாய் கட்டி நன்னீர் நிரப்பி, மீனை அதற்குள் இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் அமீபா செத்துவிடும். ஒவ்வொரு கூண்டுக்கும் ஆண்டில் பலமுறை செய்ய வேண்டும், நன்னீருக்கு எங்கே போவது?

2004 வாக்கில் அங்கே இனவிருத்தித் திட்டம் தொடங்கியது. செவுளைத் திறந்து பார்த்து பூஜ்யம் முதல் ஐந்துவரை மதிப்பெண் போடுகிறார்கள். இதில் ஒரு சுவாரசியம், முதல் முறை தொற்றும்போது தெரியும் எதிர்ப்பும் குளிப்பாட்டிய பிறகு திரும்பத் தொற்றும்போது தெரியும் எதிர்ப்பும் ஒன்றல்ல. இரண்டாவதில்தான் பரம்பரை தெளிவாகத் தெரிந்தது. முதல் தொற்றோடு நிறுத்தியிருந்தால் தவறான மீனைப் பொறுக்கியிருப்பார்கள். இப்போது ஒரு குளியலுக்கும் அடுத்ததற்கும் இடையே நாட்கள் கூடியிருக்கின்றன. அங்கே லாபத்தை அளப்பதே அந்த நாள் கணக்கில்தான்.

நம் ரோகு, கட்லாவுக்கு இது உண்டா?

அடித்தளம் இருக்கிறது. புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம், அதே நார்வேக்காரர்களோடு சேர்ந்து 1992இல் ரோகுவில் இந்த வேலையைத் தொடங்கியது. கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா, சட்லெஜ், கோமதி ஆறுகளிலிருந்து ரோகு சேர்த்தார்கள். 1997இல், சுதந்திரப் பொன்விழா ஆண்டில் வெளிவந்ததால் 'ஜெயந்தி' என்று பெயர். முதலில் தேர்ந்தெடுத்தது வளர்ச்சிக்கு. பிறகு ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா நோயை எதிர்க்கும் குணத்தையும் சேர்த்தார்கள்.

ஒட்டுண்ணி என்று வந்தால் நம் குளத்து எதிரி ஆர்குலஸ், அதாவது மீன் பேன். தட்டையாக, வட்டமாக, செதில்மேல் சறுக்கிக்கொண்டு ஓடும். ரோகு கரையில் உடம்பைத் தேய்ப்பதும் திடீரென்று துள்ளுவதும் இதனால் இருக்கலாம். இதற்கும் சால்மன் கதையில் சொன்ன அதே வேலைதான் வேண்டும்: குடும்பம் குடும்பமாக வளர்த்து, பேன் விட்டு, தட்டில் போட்டு எண்ணுவது.

அதுவரைக்கும் ஒரு எளிய கைவேலை உண்டு. ஆர்குலஸ் கடினமான பரப்பில்தான் முட்டை ஒட்டும். குளத்தில் அங்கங்கே மூங்கில் கழியோ பலகையோ நட்டு வைத்து, சில நாளுக்கு ஒருமுறை பிடுங்கி வெயிலில் காயப்போட்டால் முட்டைகள் காய்ந்துவிடும்.

என் குளத்தில் பேன் வந்தபோது சில மீன்களில் மட்டும் பேனே இல்லை. அவற்றையே சினைக்கு வைக்கலாமா?

ஆசை நியாயமானது, ஆனால் அவசரப்படாதீர்கள். அந்த மீன்கள் குளத்தின் வேறு மூலையில் இருந்திருக்கலாம், சின்னதாக இருந்திருக்கலாம், அல்லது நீங்கள் பார்த்த நேரத்தில் பேன் இடம் மாறியிருக்கலாம். பரம்பரைப் பங்கு குறைவு என்று மேலே சொன்னோமே, அது இங்கேதான் உறைக்கும்: கண்ணில் பட்ட நாலு மீனில் எதிர்ப்பு மரபு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதைவிட மோசம், நாலே மீனிலிருந்து ஆயிரக்கணக்கில் குஞ்சு எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று சேர்த்தால் இரண்டு மூன்று தலைமுறையில் நெருங்கிய ரத்தக் கலப்பு வந்து, வளர்ச்சி குன்றிக் கோணல் முதுகு மீன்கள் வர ஆரம்பிக்கும்.

குஞ்சு வாங்கும்போது, "இது பேன் தாங்கும் ரகம்" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை குடும்பங்களிலிருந்து எடுத்தது? பேன் விட்டுச் சோதித்தார்களா, அல்லது குளத்தில் சாகவில்லை என்பதை வைத்துச் சொல்கிறார்களா? சாதாரணக் குஞ்சை அதே தொட்டியில் சேர்த்து விட்டு ஒப்பிட்டு எண்ணினார்களா? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால், சாதாரணக் குஞ்சு விலைக்கே பேரம் பேசுங்கள்.